யார் இந்த மேரி வர்கீஸ்? வீல்சேரில் உட்கார்ந்தபடி ஆபரேஷன் செய்த வேலூர் டாக்டரின் கதை

1950-களில் வேலூர் சிஎம்சி மருத்துவமனையின் ஆபரேஷன் தியேட்டருக்குள் ஒரு பெண் டாக்டர் வீல்சேரில் வருவார். அவருக்கு இடுப்புக்குக் கீழே அசைவு கிடையாது. மேஜை மேல் நீட்டியிருப்பது, தொழுநோயால் விரல்கள் மடங்கிப்போன ஒருவரின் கை. அந்த விரல்களை மறுபடி வேலை செய்ய வைக்கும் ஆபரேஷனை அவர்தான் செய்யப் போகிறார்.

அவர்தான் டாக்டர் மேரி வர்கீஸ். விபத்தில் கால்கள் செயலிழந்த பிறகு அறுவை சிகிச்சை நிபுணராகி, அதற்கும் பிறகு தன்னைப் போன்றவர்களுக்காக வேலூரில் ஒரு மறுவாழ்வு மையத்தையே உருவாக்கியவர்.

1954-ல் என்னாச்சு?

மேரி பிறந்தது 1925-ல், கேரளாவின் கொச்சியில். வசதியான குடும்பம். படிக்க வந்தது வேலூர் சிஎம்சி. டாக்டரானதும் அங்கேயே பணியில் சேர்ந்தார். பெண்களுக்கான மருத்துவத்தில் நிபுணராக வேண்டும் என்பதுதான் அவருடைய ஆசை.

1954-ல் ஒருநாள் சக டாக்டர்களோடு ஜாலியாக வெளியூர் கிளம்பினார். போகிற வழியில் வண்டி கவிழ்ந்தது. மேரிக்கு முகத்தில் பலத்த காயம். அதைவிடப் பெரிய அடி முதுகில். தண்டுவடம் பாதிக்கப்பட்டு இடுப்புக்குக் கீழே எல்லாமே செயலிழந்துவிட்டது. அப்போது அவருக்கு 30 வயதுகூட ஆகவில்லை.

அறுவை சிகிச்சைகள் நடந்தன. மாதக்கணக்கில் படுக்கையில் கிடந்தார். ஆனா கால்கள் திரும்பவே இல்லை. தண்டுவடம் போனால் என்ன ஆகும் என்று ஒரு டாக்டருக்குச் சொல்லித் தர வேண்டியதில்லையே. மற்ற நோயாளிகளுக்கு இருக்கும் தெரியாமையின் ஆறுதல்கூட அவருக்கு இல்லை.

தண்டுவடக் காயம் ஏன் அவ்வளவு ஆபத்தாக இருந்தது?

நடக்க முடியாது என்பதுதான் வெளியே தெரியும் கஷ்டம். ஆளைக் கொன்றது வேறு. உணர்வில்லாத இடத்தில் ஒரே பக்கமாக அழுத்தம் விழுந்துகொண்டே இருந்தால் ரத்த ஓட்டம் நின்று தோல் அழுகும். வலி தெரியாததால் புரண்டு படுக்கத் தோன்றாது. படுக்கைப் புண் எலும்பு வரை போய்விடும். சிறுநீர்ப் பையும் கட்டுப்பாட்டில் இருக்காது. அதில் தொற்று வந்தால் சிறுநீரகம் வரைக்கும் பாதிக்கும். முதல் உலகப் போரில் இப்படி அடிபட்ட வீரர்களில் பெரும்பாலானோர் சீக்கிரமே இறந்துபோனது இந்த இரண்டாலும்தான்.

1944-ல் இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் டாக்டர் லுட்விக் குட்மன் இதை மாற்றிக் காட்டினார். இரவு பகலாக 2 மணி நேரத்துக்கு ஒருமுறை நோயாளியைத் திருப்பிப் படுக்க வைத்தார். சிறுநீர்ப் பையைக் கவனமாகப் பராமரித்தார். உயிர் பிழைத்ததும் எழுந்து உட்கார வைத்து விளையாட்டும் வேலையும் பழக்கினார். பாராலிம்பிக் போட்டிகளே அங்கே கிளம்பியதுதான்.

ஆனா 1954-ல் நம் ஊரில் இதையெல்லாம் எங்கே போய்க் கற்றுக்கொள்வது? மேரியைச் சுற்றி ஒரு மருத்துவக் கல்லூரியே இருந்தது, பணம் இருந்த குடும்பம் இருந்தது. பனைமரத்தில் இருந்து விழுந்த தொழிலாளிக்கு என்ன இருந்தது?

கால் போனது, கை இருக்கிறதே!

அதே சிஎம்சி-யில்தான் டாக்டர் பால் பிராண்ட் இருந்தார். கொல்லிமலையில் பிறந்த ஆங்கிலேயர். தொழுநோயாளிகளின் கைகளை ஆபரேஷன் மூலம் சீரமைக்க முடியும் என்று உலகுக்குக் காட்டியவர். கை அறுவை சிகிச்சைக்கு வரலாமே என்ற யோசனையை மேரியிடம் வைத்தவர் அவர்தான்.

கேட்டவர்களுக்கு விபரீதமாகத்தான் இருந்திருக்கும். யோசித்துப் பார்த்தால் இதில் ஒரு கணக்கு இருக்கிறது. வயிற்றையோ நெஞ்சையோ திறக்கும் டாக்டர் மணிக்கணக்கில் நிற்க வேண்டும். கை ஆபரேஷன் அப்படி இல்லை. இரண்டு கால் உள்ள டாக்டரும் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துதான் செய்வார். தேவை நிதானமான விரல்கள், பொறுமை, கூர்மையான கண். மேரியிடம் மூன்றும் இருந்தன.

அந்த ஆபரேஷன் எப்படி நடக்கும் என்பதும் சுவாரஸ்யமான விஷயம். தொழுநோய் கையின் நரம்பைத் தாக்கும்போது, விரல்களைச் சரியாக நீட்ட உதவும் சின்னச் சின்னத் தசைகள் செயலிழக்கும். விரல்கள் பறவையின் நகம் போல மடங்கிவிடும். தட்டில் இருக்கும் சோற்றை அள்ள முடியாது. ஆனா முழங்கையில் இருந்து வரும் சில தசைகள் நல்லாவே இருக்கும். அதில் ஒன்றின் தசைநாணை எடுத்து, செயலிழந்த தசையின் வேலையைச் செய்யும்படி வேறு இடத்தில் தைத்துவிடுவார்கள். அப்புறம் வாரக்கணக்கில் பிசியோதெரபி. தனக்குப் புதிதாக வந்திருக்கும் வேலையை அந்தத் தசை பழகிக்கொள்ள வேண்டும்.

மேரி அந்த நேரத்தில் தன் உடம்பிலும் ஏறக்குறைய அதையேதான் செய்துகொண்டிருந்தார். கால் செய்த வேலையைத் தோளும் கையும் எடுத்துக்கொண்டன. கட்டிலில் இருந்து வீல்சேருக்கு, வீல்சேரில் இருந்து கட்டிலுக்கு எல்லாம் கை பலம்தான்.

நோயாளிகளுக்கும் அவருக்கும் இன்னொரு ஒற்றுமையும் இருந்தது. தொழுநோயாளிக்குக் கையில் சூடு பட்டாலும் தெரியாது. மேரிக்குக் காலில் புண் வந்தாலும் தெரியாது. உணர்வில்லாத இடத்தைக் கண்ணால் பார்த்துப் பார்த்துக் காப்பாற்ற வேண்டும். அதைச் சொல்லித் தர அவரைவிடப் பொருத்தமான டாக்டர் யார்?

பெர்த், அப்புறம் நியூயார்க்

ஆபரேஷன் செய்யத் தெரிந்துவிட்டது, சரி. அடுத்தவர் உதவி இல்லாமல் குளிக்க, உடுத்த, வெளியே போய்வர? அதற்கு முறையான பயிற்சி வேண்டும். ஆஸ்திரேலியாவின் பெர்த் நகருக்குப் போனார் மேரி. அங்கே தண்டுவடம் பாதித்தவர்களுக்கான சிகிச்சையும் பயிற்சியும் கிடைத்தன.

அடுத்தது நியூயார்க். இரண்டாம் உலகப் போரில் காயம்பட்ட வீரர்களைப் பார்த்துப் பார்த்தே மறுவாழ்வு மருத்துவத்தை வளர்த்தெடுத்த டாக்டர் ஹோவர்ட் ரஸ்க் நடத்திய நிறுவனத்தில் சேர்ந்தார். இந்த முறை அவர் நோயாளி கிடையாது, பயிற்சி பெற வந்த டாக்டர். வீல்சேரில் இருந்தபடியே அந்தத் துறையில் தேர்ச்சி பெற்றார். பெர்த்தில் தனக்காகக் கற்றவர், நியூயார்க்கில் மற்றவர்களுக்காகக் கற்றார் என்று சொல்லலாம்.

அமெரிக்காவிலேயே தங்கியிருந்தால் சாய்தளம், லிஃப்ட் என்று அவருக்கு வாழ்க்கை எளிதாக இருந்திருக்கும். மேரி வேலூருக்குத் திரும்பினார்.

வேலூரில் என்ன செய்தார்?

1960-களின் தொடக்கத்தில் சிஎம்சி-யில் உடலியல் மருத்துவம் மற்றும் மறுவாழ்வுத் துறையின் பொறுப்பை ஏற்றார். 1966-ல் வேலூரை ஒட்டிய பாகாயத்தில் மறுவாழ்வு நிறுவனம் திறக்கப்பட்டது. நோயாளிகள் தங்கிப் பயிற்சி பெறும் வசதியோடு இந்தியாவில் வந்த முன்னோடி மையங்களில் அதுவும் ஒன்று.

தங்கிப் பயிற்சி என்பது ஏன் முக்கியம்? தண்டுவடம் பாதித்தவருக்கு மாத்திரை எழுதிக் கொடுத்து அனுப்பினால் ஒண்ணும் நடக்காது. உட்கார்ந்திருக்கும்போது கையை ஊன்றி உடம்பைத் தூக்கி அழுத்தத்தைக் குறைக்கும் பழக்கம் வர வேண்டும். தினமும் கண்ணாடி வைத்து முதுகுப் பக்கத் தோலைப் பார்க்க வேண்டும். கதீட்டரைச் சுத்தமாகக் கையாள வேண்டும். உட்கார்ந்தே செய்யும் ஒரு வேலையும் கைவர வேண்டும். வீட்டு ஆட்களும் கூடவே கற்றுக்கொள்ள வேண்டும். இதெல்லாம் ஒருநாளில் வராது.

இன்னொன்று, இங்கே காயம்படும் விதமே வேறு. மரத்தில் இருந்து விழுகிறவர்களும் கிணற்றில் விழுகிறவர்களும் அதிகம். அவர்கள் திரும்பிப் போகும் வீட்டில் உயரமான வாசல்படி இருக்கும், கழிப்பறை தூரத்தில் இருக்கும். நியூயார்க்கின் வழவழப்பான தரையில் ஓடிய வீல்சேர் அந்த வாசல்படியிலேயே நின்றுவிடும். வெளிநாட்டில் படித்ததை அப்படியே கொண்டுவந்து இறக்க முடியாத இடம் அது.

மேரியின் கதையை அமெரிக்க எழுத்தாளர் டோரதி கிளார்க் வில்சன் 1963-ல் புத்தகமாக்கினார். 1972-ல் இந்திய அரசு பத்மஸ்ரீ விருது கொடுத்தது. எழுதியவர்கள் பலரும் தியேட்டருக்குள் வீல்சேர் நுழையும் காட்சியிலேயே நின்றுவிடுகிறார்கள். பார்க்க ஆச்சரியமான காட்சிதான். ஆனா பாகாயத்து வார்டில் ஒரு கூலித் தொழிலாளி கட்டிலில் இருந்து வீல்சேருக்குத் தானாகவே மாறி உட்கார்ந்ததுதான் பெரிய வேலை. அது ஒரே ஒரு டாக்டரோடு முடிந்துபோகவில்லை.

1986 டிசம்பரில் வேலூரில் மேரி வர்கீஸ் காலமானார். வயது 61. தண்டுவடம் அடிபட்டால் அவ்வளவுதான் என்று ஊரே நினைத்த காலத்தில் நடந்த அந்த விபத்துக்குப் பிறகு அவர் வாழ்ந்தது 32 ஆண்டுகள்.