பாதியில் நின்றவன் கையில் எவ்வளவு இங்கிலீஷ் மிஞ்சும்? கணக்குப் போட்டுப் பார்த்த மைக்கேல் வெஸ்ட்டின் கதை

உடையார்பாளையத்தில் எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய ஒருவரைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். வயது முப்பது இருக்கும். சீசனில் முந்திரித் தோப்பு வேலை, மற்ற நாளில் அரியலூர் பக்கம் லாரியில் கிளீனர். போனில் பேங்க் மெசேஜ் வருகிறது. பணம் வந்ததா, போனதா என்பது அதில் உள்ள ஒரே ஒரு வார்த்தையில் இருக்கிறது: கிரெடிட்டட் அல்லது டெபிட்டட். அதைப் படிக்க அவர் பக்கத்து டீக்கடைக்காரரிடம் போனை நீட்டுகிறார்.

இத்தனைக்கும் அவர் வருஷக்கணக்கில் இங்கிலீஷ் வகுப்பில் உட்கார்ந்தவர்தான். பாட்டு மனப்பாடம் செய்தார், கேள்வி பதில் மனப்பாடம் செய்தார், கிராமர் எழுதினார். ஸ்கூலை விட்ட அடுத்த வருஷமே எல்லாம் போய்விட்டது. அப்படியானால் அத்தனை பீரியடும் வீண்தானா?

இந்தக் கேள்வியை நூறு வருஷத்துக்கு முன்பே கேட்டு, விடை தேடி ஆராய்ச்சி செய்த ஒருவர் இருந்தார். பெயர் மைக்கேல் வெஸ்ட். அவர் வேலை பார்த்த இடம் டாக்கா. அப்போது அது பிரிட்டிஷ் இந்தியாவின் வங்காள மாகாணத்தில் இருந்தது. நம் பள்ளி இங்கிலீஷ் புத்தகங்களுக்கும், நீங்கள் போனில் வைத்திருக்கும் டிக்‌ஷனரிக்கும் அவரோடு சம்பந்தம் உண்டு.

யார் இந்த வெஸ்ட்?

1888-இல் பிறந்தவர். ஆக்ஸ்ஃபோர்டில் படித்துவிட்டு 1912-இல் இந்தியக் கல்விப் பணியில் சேர்ந்து வங்காளம் வந்தார். 1920 முதல் 1932 வரை டாக்கா ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியின் முதல்வர். கவர்னர் மாளிகையில் உட்கார்ந்து கல்விக்கொள்கை எழுதியவர் இல்லை. வகுப்பறைகளுக்குள் போய், பையன்கள் உண்மையில் எப்படி வாசிக்கிறார்கள் என்று பார்த்தவர். அந்தக் காலத்துக்கு அது புதுசு. இங்கிலீஷை எப்படிச் சொல்லிக்கொடுப்பது என்பதில் எல்லோருக்கும் ஒரு அபிப்பிராயம் இருந்தது. அளந்து பார்த்தவர்கள்தான் ரொம்பக் குறைவு.

பாலிசியை சரண்டர் பண்ணா என்ன வரும்?

அவர் பார்த்த முதல் விஷயம், வங்காளப் பள்ளிகளில் சேரும் பிள்ளைகளில் பெரும்பாலோர் கடைசி வரை படிப்பதில்லை. வயல் வேலை, வறுமை, தூரம் என்று ஏதோ ஒரு காரணத்தால் பாதியிலேயே நின்றுவிடுகிறார்கள். ஆனால் பாடத்திட்டமோ எல்லோரும் கல்லூரி வரை போவார்கள் என்ற நினைப்பில் போடப்பட்டிருந்தது. முதல் வருஷங்கள் முழுக்க அடித்தளம். அந்த அடித்தளத்துக்கு மேல் வீடு வருவது கடைசி வருஷத்தில்தான். நடுவில் போனவனுக்கு அடித்தளம் மட்டும்தான், கூரை கிடையாது.

இதைச் சொல்ல அவர் இன்ஷூரன்ஸ் பாஷையை எடுத்துக்கொண்டார். இருபது வருஷ பாலிசி போட்டவர் ஐந்தாம் வருஷத்தில் பிரீமியம் கட்ட முடியாமல் நிறுத்தினால், கையில் ஏதோ ஒரு தொகை வரும் அல்லவா? அதுதான் சரண்டர் வேல்யூ. ஒரு மொழிப் பாடத்துக்கும் சரண்டர் வேல்யூ உண்டு என்றார் வெஸ்ட். எந்த வருஷத்தில் ஒரு பிள்ளை நின்றாலும், அதுவரை படித்ததில் வாழ்க்கைக்குப் பயன்படும்படி என்ன மிஞ்சுகிறது என்பதுதான் அந்த மதிப்பு.

இந்தக் கண்ணால் பார்த்தபோது அவருக்கு ஒரு முடிவு கிடைத்தது. பேச்சுப் பயிற்சியின் சரண்டர் வேல்யூ ரொம்பக் கம்மி. அரைகுறையாகப் பேசக் கற்றவன் ஊரில் யாரோடும் இங்கிலீஷ் பேசப்போவதில்லை, சீக்கிரம் மறந்துவிடுவான். வாசிப்பு அப்படியல்ல. கொஞ்சம் வாசிக்கத் தெரிந்தாலும் அதற்குப் பயன் உண்டு. வாத்தியார் இல்லாமலே அதை வளர்த்துக்கொள்ளவும் முடியும். ஆகவே முதலில் வாசிப்பு, பேச்சும் எழுத்தும் அதன் பின்னால் வரட்டும் என்றார். 1926-இல் வெளியான, வங்காளத்தின் இருமொழி நிலை பற்றிய அவருடைய பெரிய அறிக்கையின் சாரம் இதுதான்.

இன்னொரு எளிய கணக்கும் இருக்கிறது. நாற்பது நிமிஷ பீரியட், ஐம்பது பிள்ளைகள். வாத்தியார் வாயே திறக்காவிட்டாலும் ஒரு பிள்ளைக்குப் பேசக் கிடைப்பது ஒரு நிமிஷத்துக்கும் குறைவு. வாசிப்பதென்றால் ஐம்பது பேரும் நாற்பது நிமிஷமும் வாசிக்கலாம்.

புத்தகத்தில் என்ன கோளாறு?

சரி, வாசிக்கட்டும். எதை வாசிப்பது? இங்கேதான் வெஸ்ட் நிறைய நேரம் செலவழித்தார். அன்றைய ரீடர் புத்தகங்களை வார்த்தை வார்த்தையாக ஆராய்ந்தார். இரண்டு கோளாறுகள் தெரிந்தன.

ஒன்று, எந்த வார்த்தை தேவை என்று யாரும் யோசிக்கவில்லை. ஐலண்ட் என்ற சாதாரணச் சொல் இருக்கும்போது ஐல், பிஃபோர் இருக்கும்போது ஏர், நத்திங் இருக்கும்போது நாட். இதெல்லாம் பழைய கவிதைச் சொற்கள். நிஜ வாழ்க்கையில் எதிரில் வராத வார்த்தைக்காகப் பிள்ளைகள் உயிரை விட்டுக்கொண்டிருந்தார்கள்.

இரண்டாவது கோளாறுதான் முக்கியம். புதிய வார்த்தைகள் ஒன்றன் மேல் ஒன்றாக நெருக்கிக்கொண்டு வந்தன. ஒரு வரியில் மூன்று தெரியாத சொல் வந்தால் அது வாசிப்பு இல்லை, கல்லுடைப்பு. ஏறத்தாழ ஐம்பது அறுபது தெரிந்த வார்த்தைகளுக்கு நடுவே ஒரு புதிய வார்த்தை வரட்டும், வந்தது அடுத்த பக்கங்களில் திரும்பத் திரும்ப வரட்டும் என்றார் வெஸ்ட். அரிசியில் கல் கிடந்தாலும் சாப்பிட்டுவிடலாம், கல்லில் அரிசி கிடந்தால் என்ன செய்வது? இந்தக் கணக்கை வைத்து அவர் எழுதி லாங்மேன்ஸ் நிறுவனம் வெளியிட்ட நியூ மெத்தட் ரீடர்கள் பல நாட்டுப் பள்ளிகளுக்குப் போயின. குறைந்த சொற்களில் சுருக்கி எழுதிய கதைப் புத்தகங்களும் கூடவே வந்தன. இன்று கடையில் லெவல் 1, லெவல் 2 என்று போட்டு விற்கிறார்களே, அந்தக் கதைப் புத்தகங்களின் முன்னோடிகள் இவை.

850 வார்த்தைச் சண்டை

1930-இல் சி.கே. ஆக்டன் என்பவர் பேசிக் இங்கிலீஷ் என்று ஒன்றை அறிவித்தார். வெறும் 850 வார்த்தை போதும், உலகமே இங்கிலீஷில் பேசலாம் என்பது அவர் கணக்கு. பின்னாளில் சர்ச்சில்கூட அதை ஆதரித்துப் பேசினார். கேட்க ஜோராக இருந்தாலும் வெஸ்ட் ஒத்துக்கொள்ளவில்லை. 1934-இல் எதிர்த்து ஒரு நூலே கொண்டுவந்தார். அவருடைய வாதம் இப்படிப் போகும்: கெட், புட், டேக் மாதிரி சின்னச் சொற்களோடு அப், ஆஃப், அவுட் சேர்த்தால் நூற்றுக்கணக்கில் புதுப்புது அர்த்தங்கள் முளைக்கின்றன. புட் அப் வித் என்றால் பொறுத்துக்கொள்வது என்பதை மூன்று வார்த்தைகளில் எதிலிருந்து கண்டுபிடிப்பது? பட்டியலில் எண்ணிக்கை குறையும், படிக்கிறவன் தலையில் சுமை குறையாது. அனுபவப்பட்டவர்களுக்கு இது புரியும்.

அதே 1934-இல் கார்னெகி அறக்கட்டளையின் ஆதரவில் நியூயார்க்கில் ஒரு மாநாடு கூடியது. ஜப்பானில் இங்கிலீஷ் கற்பித்தலை ஆராய்ந்துகொண்டிருந்த ஹெரால்ட் பாமரும் அதில் இருந்தார். அவர் பேச்சுதான் முதலில் என்பவர், வெஸ்ட்டுக்கு நேர் எதிர்க்கட்சி. ஆனால் எந்தச் சொற்களை முதலில் கற்பிப்பது என்ற வேலையில் இருவரும் ஒன்றாக உட்கார்ந்தார்கள். அங்கே ஆரம்பித்த பட்டியல் வளர்ந்து, 1953-இல் வெஸ்ட்டின் ஜெனரல் சர்வீஸ் லிஸ்ட் ஆக வெளிவந்தது. சுமார் 2,000 தலைச்சொற்கள். ஒவ்வொரு சொல்லும் எந்த அர்த்தத்தில் எத்தனை சதவீதம் வருகிறது என்பது வரைக்கும் குறித்திருந்தார்கள். அதற்காக ஆராய்ந்த எழுத்தின் அளவு 50 லட்சம் சொற்கள், அதுவும் கம்ப்யூட்டர் இல்லாமல். (கம்ப்யூட்டர் என்ற சொல்லும் அந்தப் பட்டியலில் கிடையாது.)

பனியே இல்லாத ஊரில் ஸ்னோபால்

இந்த யோசனைகளின் காற்று தமிழ்நாட்டுப் பக்கமும் அடித்தது. 1950-களில் மதராஸ் மாநிலப் பள்ளிகளில் ஸ்ட்ரக்சுரல் முறை வந்தது. வாக்கிய அமைப்புகளை எளிதிலிருந்து கடினம் என்று வரிசைப்படுத்தி, ஒரு நேரத்தில் ஒன்றாகக் கற்பிப்பது. இதில் பாமரின் சாயல்தான் அதிகம், வாய்ப் பயிற்சிக்கே முதலிடம். ஆனால் சொல்லை எண்ணி, அளந்து, திரும்பத் திரும்பக் கொடுப்பது வெஸ்ட்டுக்கும் அவர்களுக்கும் பொது.

சிக்கல் ஆசிரியர்களிடம் வந்தது. ஆரம்பப் பள்ளி ஆசிரியர்களில் பலர் இங்கிலீஷ் சரளமாகப் பேசுகிறவர்கள் இல்லை. ஆகவே 1959-இல் பிரிட்டிஷ் கவுன்சில் உதவியோடு ஒரு பயிற்சித் திட்டம் தொடங்கியது. முதலில் சிலருக்குப் பயிற்சி, அவர்கள் போய் மற்றவர்களுக்குப் பயிற்சி. இலக்கு 27,000 ஆசிரியர்கள். உருட்ட உருட்டப் பெரிதாகும் என்பதால் இதற்கு மெட்ராஸ் ஸ்னோபால் என்று பெயர். மே மாத வெயிலில் இந்தப் பெயரைக் கேட்டவர்கள் என்ன நினைத்தார்களோ! அன்றைக்குத் திருச்சி மாவட்டத்தில் இருந்த உடையார்பாளையம் போன்ற தாலுகாக்களின் ஓராசிரியர் பள்ளிகளுக்கு, ஒரு புது முறை போய்ச் சேர வேறு குறுக்கு வழி இருக்கவில்லை.

மறு வருஷம், 1960-இல், ஓய்வுபெற்ற வெஸ்ட் கடினமான சூழல்களில் இங்கிலீஷ் கற்பிப்பது பற்றி ஒரு சின்னப் புத்தகம் எழுதினார். பெஞ்சில் நெருக்கி உட்கார்ந்த நாற்பது ஐம்பது பிள்ளைகள், வெக்கை, தானே திணறும் ஆசிரியர். லண்டனில் எழுதப்படும் முறைகளில் இந்த வகுப்பறை கணக்கிலேயே வருவதில்லை என்பது அவர் ஆதங்கம்.

அதில் அவர் விளக்கும் ஒரு பயிற்சியை இன்று இன்டர்வியூவுக்குத் தயாராகிறவர்கள்கூட முயன்று பார்க்கலாம். புத்தகத்தை நெஞ்சுக்கு நேராகப் பிடியுங்கள். ஒரு சொற்றொடரைக் கண்ணால் வாசியுங்கள். தலையை நிமிர்த்தி, எதிரே இருப்பவர் முகத்தைப் பார்த்து அதைச் சொல்லுங்கள். சொல்லும்போது புத்தகத்தைப் பார்க்கக் கூடாது. கண்ணுக்கும் வாய்க்கும் நடுவில் அந்த வாக்கியம் சில நொடி மனசில் தங்க வேண்டும். அந்தச் சில நொடிதான் விஷயமே. பேச்சை வெஸ்ட் ஒதுக்கிவிடவில்லை, வாசிப்பின் வழியாக அங்கே போனார்.

அவர் சொன்னதில் எல்லாம் சரியா?

இல்லை. இன்று வேலைக்கு முதல் வடிகட்டியே பேச்சுதான். நன்றாக வாசிக்கத் தெரிந்தும் வாய் திறக்க முடியாமல் போன் இன்டர்வியூவில் தோற்றுப்போகிறவர்களை நமக்குத் தெரியும். 1920-களின் டாக்கா மாணவனுக்கு யாரோடும் இங்கிலீஷ் பேச வேண்டியிருக்காது என்பது சரியாக இருந்திருக்கலாம். ஓஎம்ஆர் கால் சென்டருக்குப் பொருந்தாது. ஆள்கிற அதிகாரி, ஆளப்படுகிறவர்களுக்கு வாசிப்பு போதும் என்று முடிவு கட்டியதில் உள்ள உறுத்தலையும் மறைக்க வேண்டியதில்லை.

ஆனால் பாதியில் நிற்கிற பிள்ளையை மையத்தில் வைத்துப் பாடத்திட்டத்தைப் பார்த்தாரே, அதை நம் ஊரில் இன்னும் செய்யவில்லை என்றுதான் தோன்றுகிறது. நம் பாடப்புத்தகம் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வை நோக்கியே நடக்கிறது. ஏழாம் வகுப்பு முடிவில் ஒரு பிள்ளையால் மருந்துச் சீட்டை, பாரத்தை, பேங்க் மெசேஜைப் படிக்க முடிகிறதா என்று கேட்கிற தேர்வு எது?

1973-இல் வெஸ்ட் இறந்தார். 1935-இல் ஜே.ஜி. எண்டிகாட்டுடன் சேர்ந்து அவர் ஒரு டிக்‌ஷனரி தயாரித்திருந்தார். அதில் சுமார் 24,000 சொற்களுக்கும் சொற்றொடர்களுக்கும் வெறும் 1,490 எளிய சொற்களைக் கொண்டே விளக்கம் எழுதியிருந்தார்கள். அர்த்தம் பார்க்கப் போய், அந்த அர்த்தத்துக்கு அர்த்தம் தேடும் அவஸ்தை அதில் இல்லை. அவர் இறந்து ஐந்து வருஷம் கழித்து வந்த லாங்மேன் டிக்‌ஷனரி ஆஃப் கன்டெம்ப்பரரி இங்கிலீஷ், அவருடைய பட்டியலை ஆதாரமாக வைத்து, சுமார் 2,000 சொற்களில் தன் விளக்கங்களை எழுதியது. அதன் ஆன்லைன் பதிப்பில் டெபிட் என்று தேடினால் இன்றும் சின்னச் சின்னச் சொற்களில்தான் பதில் வருகிறது.