மணலில் உட்கார்ந்த மிஷனரி

சீகன்பால்க் ஐயர் 1682-ல் ஜெர்மனியில் புல்ஸ்னிட்ஸ் ஊரில் பிறந்தார். சிறுவயதிலேயே தாய் தகப்பனை இழந்தார். தாயார் மரணப்படுக்கையில் பிள்ளைகளை அழைத்து, தான் வைத்துப்போகும் பொக்கிஷம் வேதப்புத்தகத்தில் இருக்கிறதென்றும், அதன் பக்கங்களைக் கண்ணீரால் நனைத்திருப்பதாகவும் சொன்னாராம்.

1706 ஜூலை 9-ல் தரங்கம்பாடிக்கு வந்தார். தமிழில் ஒரு எழுத்தும் தெரியாது. வாத்தியாரிடம் படிக்கும் சின்னப் பிள்ளைகளோடு மணலில் உட்கார்ந்து விரலால் எழுதிப் பழகினார். டென்மார்க் ராஜா அனுப்பின ஆள்! அந்த விரல்தான் புதிய ஏற்பாட்டைத் தமிழில் எழுதிற்று. 1715-ல் அச்சாகி முடிந்தது. பழைய ஏற்பாட்டில் ரூத் வரை முடித்து, 1719-ல் 36 வயதில் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்.

எங்கள் பழவேற்காடு ஏரிக்கரைக் குப்பங்களில் குடும்ப ஜெபம் என்றாலே நம்ம ஆம்பளைங்க நழுவுறாங்க. எழுத்து வராதாம், பிள்ளைங்க சிரிக்குமாம், ராத்திரி இறாலுக்குப் போகணுமாம். பாடு இல்லாத ராத்திரியே கிடையாதா? நானும் ஐந்தாவதோடு வலை பிடித்தவன்தான். இப்போ என் சின்ன மகள் எழுத்துக்கூட்டி வாசிக்கிறாள். நான் விரல் வைத்து அவள் பின்னாலேயே வாசிக்கிறேன். தடுமாறினால் திருத்துகிறாள். மாற்கு முடிந்தது. லூக்கா ஐந்தாம் அதிகாரத்தில், ராமுழுதும் பாடுபட்ட சீமோன் போட்டது என்ன வலை என்று நேற்று கேட்டாள். அதை மட்டும் நான் விளக்கினேன், அரை மணி நேரம்.