பூட்டைக் காணாமலே சாவி செய்தவர்

இரவெல்லாம் தூக்கமின்றிப் புரளும் நோயாளியின் துன்பத்தை நாம் அறிவோம். 1900 ஆம் ஆண்டளவில் அத்தகையோருக்குக் கிடைத்த மருந்துகள் சில. குளோரல் குமட்டும். புரோமைடு உப்போ நாள்பட உடலில் தங்கி நஞ்சாகும். இந்நிலையை மாற்றியவர்களுள் ஒருவர் ஜெர்மானிய வேதியியல் மேதை எமில் பிஷர்.

கொலோன் நகருக்கு அருகே 1852 அக்டோபர் 9 ஆம் நாள் அவர் பிறந்தார். வணிகரான தந்தை, மகனை மர வியாபாரத்தில் பழக்கிப் பார்த்தார். மனம் ஒட்டவில்லை. வியாபாரத்துக்கு உதவாத பிள்ளை படிக்கவாவது செய்யட்டும் என்று விட்டுவிட்டாராம்! அந்தப் பிள்ளைதான் சர்க்கரைகளையும் பியூரின்களையும் ஆராய்ந்து 1902 இல் நோபல் பரிசு பெற்றார்.

அவருடைய ஆசிரியர் அடால்ஃப் பேயர் 1864 இல் பார்பிட்யூரிக் அமிலத்தை உருவாக்கியிருந்தார். டிசம்பர் 4, புனித பார்பராவின் திருநாளோடு அப்பெயரை இணைத்துக் கூறும் கதை நமக்கு மகிழ்ச்சி தருகிறது. ஆனால் அந்த அமிலம் தூக்கம் தராது. அதனுடன் இரண்டு எத்தில் தொகுதிகள் சேர்ந்த பொருள் நாய்களை உறங்க வைப்பதைப் பிஷரும் மருத்துவர் யோசப் ஃபான் மேரிங்கும் கண்டு, 1903 இல் வெளியிட்டனர். ‘வெரோனால்’ என்ற பெயரில் அது உலகெங்கும் பரவியது.

அது எப்படி உறங்க வைக்கிறது? பிஷருக்குத் தெரியாது. இதில் நமக்குப் பெரு வியப்பு ஒன்று உண்டு. நொதியும் அது வினைபுரியும் பொருளும் பூட்டும் சாவியும் போலப் பொருந்த வேண்டும் என்று 1894 இலேயே விளக்கியவர் அவர்தாம். தாம் செய்த சாவிக்குரிய பூட்டை மட்டும் அவர் காணவில்லை.

இல்லத்திலும் அவருக்கு அமைதி நீடிக்கவில்லை. மணமாகி ஏழே ஆண்டுகளில், 1895 இல், மனைவி ஆக்னஸ் இறந்தார். மூன்று மகன்களில் இருவரை முதல் உலகப் போரின்போது இழந்தார். தாமே கண்டறிந்த பீனைல் ஹைட்ரசீன் அவர் உடல்நலத்தைக் கெடுத்தது. 1919 ஜூலை 15 ஆம் நாள் பெர்லினில் காலமானார்.

மூளையில் ‘காபா’ என்னும் பொருள் உண்டென்பது 1950 இல்தான் தெரிந்தது. நரம்புச் செல்லின் மேலுள்ள ஏற்பியில் காபா பொருந்தினால் சிறு வாயில் திறக்கும். குளோரைடு அயனிகள் உள்ளே நுழையும். செல்லின் துடிப்பு அடங்கும். பார்பிட்யூரேட் மருந்து அதே ஏற்பியில் வேறோர் இடத்தில் அமர்ந்து, வாயிலை நெடுநேரம் திறந்து வைக்கிறது. அளவு மிகுந்தால் காபா இல்லாமலே திறந்துவிடும்! அப்போது மூச்சை இயக்கும் நரம்புகளும் உறங்கிவிடுகின்றன. இவ்வாறு மாண்டோர் பலர்.

1960 இல் விற்பனைக்கு வந்த லிப்ரியமும் அதன் இனத்து மருந்துகளும் காபா இருந்தால்தான் வேலை செய்யும். ஆகவே ஆபத்துக் குறைவு. தூக்கத்துக்காகப் பார்பிட்யூரேட் கொடுப்பது அதன்பின் அருகிவிட்டது. ஆனால் 1912 இல் வந்த அக்குடும்பத்துப் பீனோபார்பிட்டால் மட்டும், வலிப்பு நோயுள்ள சிறு குழந்தைகளுக்கு மருத்துவர்கள் அளவறிந்து கொடுக்கும் மருந்தாக இன்றும் இருந்து வருகிறது.