முத்துலட்சுமி அம்மையார்

புதுக்கோட்டையில் 1886இல் பிறந்த முத்துலட்சுமி அம்மையார், சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்று 1912இல் பட்டம் பெற்றார். தாயார் சந்திரம்மாள் இசைவேளாளர் குலத்தவர். பொட்டுக்கட்டும் வழக்கின் துயரை அம்மையார் ஏட்டில் படித்தறிந்தவர் அல்லர்.

சென்னைச் சட்டசபையின் துணைத்தலைவராக இருந்து 1929இல் அவர் கொணர்ந்த திருத்தம், பலர் எண்ணுவதுபோல் அவ்வழக்கைத் தடைசெய்யவில்லை. கோயிற்பணி செய்தாலன்றி மானிய நிலம் இல்லை என்னும் தளையை அறுத்து, நிலத்தை அப்பெண்களுக்கே உரியதாக்கிற்று. வயிற்றுக்கு வழிகாணாது விடுதலை பேசலாகாது என்ற தெளிவு, எதிர்த்து நின்ற மரபுக் காவலரிடம் இல்லாதது. தடைக்கான மசோதா 1930இல் அவையில் இருக்கையிலேயே, காந்தியடிகள் சிறைப்பட்டதைக் கண்டித்துப் பதவி துறந்தார். தடைச்சட்டம் நிறைவேற 1947 வரை காத்திருக்க நேர்ந்தது; இழப்பு சிறிதன்று.

ஆதரவற்ற சிறுமியர்க்கு ஔவை இல்லம் கண்டதும் 1930இலேயே. புற்றுநோய்க்குத் தங்கையைப் பறிகொடுத்த துயரமோ, 1954இல் அடையாற்றில் 12 படுக்கைகளோடு மருத்துவமனையாக எழுந்தது.