கரை சேராத நீச்சல்

கன்னியாகுமரிக் கடலில் உள்ள பாறைக்கு 1892-இல் விவேகானந்தர் நீந்திச் சென்றார் என்பது எங்கள் நாஞ்சில் நாட்டில் தலைமுறைகளாகச் சொல்லப்பட்டு வருவது. அந்தப் பாறையைக் காணும்போதெல்லாம் எனக்கு இன்னொருவர் நினைவுக்கு வருவார். அவர், ஈழத்து வல்வெட்டித்துறையின் ஆழிக்குமரன் ஆனந்தன்.

1943-இல் பிறந்த ஆனந்தன் சட்டம் பயின்றவர். 1954-இல் தொண்டைமானாற்றின் நவரத்தினசாமி பாக் நீரிணையை ஒருவழியாக நீந்திக் கடந்திருந்தார். ஆனந்தனுக்கு ஒருவழி போதவில்லை. 1971-இல் வல்வெட்டித்துறையிலிருந்து கோடியக்கரைக்கு நீந்திவந்து, மீண்டும் ஊருக்கே நீந்தித் திரும்பினார். அதற்கு ஆன நேரம் 51 மணி. பின்னர் ஒற்றைக் காலில் 33 மணி நேரம் நின்றார். 1981-இல் சென்னை அண்ணா நீச்சல் குளத்தில் 80 மணி நேரம் மிதந்தார். கின்னஸ் நூலில் அவர் பெயர் பலமுறை இடம்பெற்றது.

1984 ஆகஸ்ட் 6 அன்று ஆங்கிலக் கால்வாயை நீந்திக் கடக்க முயன்றபோது அவர் உயிரிழந்தார். வயது 41. அப்போது மாணவனாக இருந்த எனக்கு அந்தச் செய்தி நம்பமுடியாததாக இருந்தது. பாக் நீரிணையை இருவழியும் வென்றவருக்குச் சுமார் 33 கிலோமீட்டர் அகலமுள்ள கால்வாய் எம்மாத்திரம் என்றே எண்ணியிருந்தேன்.

என் கணக்கில் தூரம் மட்டுமே இருந்தது, குளிர் இல்லை. நம் கடல் நீர் ஏறத்தாழ 28 பாகை வெப்பம் கொண்டது. கால்வாயிலோ ஆகஸ்டிலும் 16, 17 பாகைதான். குளிர்காக்கும் உடைக்கும் அங்கு விதிகள் இடம் தருவதில்லை. காற்றைவிடப் பன்மடங்கு வேகமாக நீர் உடலின் வெப்பத்தைப் பறித்துவிடும். உடல் குளிரக் குளிர, அறிவும் மங்கும். தன் நிலையைத் தானே கணிக்கும் ஆற்றலை நீந்துபவர் இழந்துவிடுவார்.

பொருளியல் கற்பித்தவன் என்ற முறையில் ஒன்று சொல்வேன். துணிவு என்பது மூலதனம். ஆனால் இழப்புக்கு வரம்பு கட்டாத முதலீட்டை எவரும் அறிவுடைமை என்று சொல்வதில்லை. வலியைப் பொறுக்கப் பழகியவரே எச்சரிக்கையையும் பொறுத்துக்கொண்டு மேலே செல்வார். எனவே, நிறுத்தும் முடிவு நீந்துபவரிடம் மட்டும் இருக்கலாகாது. படகில் உடன் செல்வோரிடமும் இருக்க வேண்டும்.

இன்று பத்து வயதுச் சிறுவர்களும் பாக் நீரிணையைக் கடக்கிறார்கள். நாம் கரையில் மாலையுடன் காத்திருக்கிறோம். பாதியில் படகேறித் திரும்பும் பிள்ளைக்கும் அதே மாலையை அணிவிக்க நாம் பழக வேண்டும். ஆழிக்குமரனுக்கு நாம் செலுத்தும் மெய்யான அஞ்சலி அதுவே.