மன்னர் தேடி வந்த தோட்டக்காரர்

பாரிஸ் மாநகரிலிருந்து தென்கிழக்கே சுமார் 55 கிலோ மீட்டர் தொலைவில் வோ-லெ-விகோந்த் மாளிகை இருக்கிறது. காலையில் ரயிலேறி மெலன் நகரில் இறங்கிப் போனால், தோட்டத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு மாலையில் திரும்பிவிடலாம். மாளிகையைக் கட்டியவர் சிறையில் மாண்டார். தோட்டத்தை அமைத்தவரோ உலகப் புகழ் பெற்றார். அவர்தான் ஆந்திரே லெ நோத்ர்.

1613-ம் ஆண்டு மார்ச் 12-ந் தேதி பாரிஸில் பிறந்தவர். பாட்டனாரும் தந்தையும் துய்லரி அரண்மனைத் தோட்டத்தில் பணி செய்தவர்கள். குலத் தொழிலோடு நின்றுவிடாமல், சீமோன் வூவே என்ற ஓவியரிடம் சித்திரமும் பயின்றார். அந்தப் பயிற்சி பின்னாளில் கை கொடுத்தது. 1637-ல் தந்தையின் பதவிக்கு வாரிசாக நியமிக்கப்பட்டார்.

அரசின் நிதிப் பொறுப்பை வகித்த நிகோலா ஃபூக்கே, வோ-லெ-விகோந்தில் தோட்டம் அமைக்க அவரை அழைத்தார். மாளிகை வாசலில் நின்று பார்த்தால் எல்லாம் ஒரே சமதளமாக, கைக்கெட்டும் தூரத்தில் இருப்பது போலத் தோன்றும். நடந்து போனால்தான் பள்ளத்தில் சுமார் ஒரு கிலோ மீட்டர் நீளக் கால்வாய் குறுக்கே ஓடுவது தெரியும். ஓவியம் கற்ற கண் செய்த ஜாலம் அது.

1661 ஆகஸ்ட் 17-ந் தேதி மன்னர் பதினான்காம் லூயிக்கு அங்கே பெரும் விருந்து நடந்தது. மூன்றே வாரத்தில், அரசுப் பணத்தைக் கையாடினார் என்று ஃபூக்கே கைது செய்யப்பட்டார். 1680-ல் சிறையிலேயே இறந்தார். எஜமானரின் வீழ்ச்சி லெ நோத்ரைத் தொடவில்லை. மன்னர் அவரை வெர்செய்ல்ஸ் அரண்மனைப் பணிக்கு அழைத்துக்கொண்டார்.

அங்கே சதுப்பு நிலம் தோட்டமாயிற்று. 1668-ல் தொடங்கிய பெரிய கால்வாய், 1,670 மீட்டர் நீளத்தில், 1679-ல் முடிந்தது. ஆனால் நீரூற்றுகளுக்குத் தண்ணீர் போதவில்லை. மன்னர் உலாவ வரும்போது ஆட்கள் விசிலடித்துச் சைகை காட்ட, அவர் நெருங்கும் ஊற்றை மட்டும் திறந்துவிடுவார்களாம்! ஊர் நதியின் நீரைக் கொண்டுவர 1685-ல் தொடங்கிய கால்வாய் வேலையில் படைவீரர்கள் ஏராளமானோர் காய்ச்சலுக்குப் பலியாயினர். அந்த வேலை கடைசிவரை முடியவே இல்லை.

1675-ல் மன்னர் அவருக்குப் பிரபுப் பட்டம் வழங்கினார். வீட்டில் மட்டும் நிறைவில்லை; பெற்ற மூன்று குழந்தைகளும் இளம் வயதிலேயே இறந்துவிட்டன. 1693-ல், தாம் சேர்த்த அரிய ஓவியங்கள் பலவற்றை மன்னருக்கே கொடுத்துவிட்டார். முதுமையில் நடக்க இயலாதபோது, சக்கர நாற்காலியில் மன்னருக்குப் பக்கத்திலேயே தோட்டத்தை வலம் வந்தார் என்பார்கள்.

1700 செப்டம்பர் 15-ந் தேதி, 87-வது வயதில் காலமானார். வெர்செய்ல்ஸ் அரண்மனையும் தோட்டமும் 1979-ல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம் பெற்றன. தோட்டக்காரர் மகனின் பெயரை இன்றும் உலகம் சொல்கிறது. அங்கே மண் சுமந்த ஆயிரக்கணக்கானோரின் பெயர்களைத்தான் சொல்வாரில்லை.