ஊர் எதிர்கொண்ட மல்லர்

மராட்டிய நாட்டில் கிருஷ்ணை ஆறும் கொய்னா ஆறும் எதிரெதிராக ஓடிவந்து ஒன்றுகூடும் இடத்தில் கராட் என்னும் நகரம் அமைந்துள்ளது. அந்நகரை அடுத்த சிற்றூர் கோளேஸ்வர். உழவையே தொழிலாகக் கொண்ட அவ்வூரில், 1926ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 15ஆம் நாள் கஷாபா ஜாதவ் பிறந்தார். அவர் தந்தையார் தாதாசாகேப் பெயர் பெற்ற மல்லர். அவருடைய மைந்தர் ஐவருள் கடைசியானவர் கஷாபா. ஊர்ச் சிறுவர் பலர் பந்தாடிப் பொழுது போக்கிய பருவத்தில், அவர் தந்தையாரின் கண்காணிப்பில் கோதாவில் இறங்கிச் செம்மண்ணில் புரண்டு மற்போர் பயின்றார்.

கராட் உயர்நிலைப் பள்ளியில் படித்த காலத்தில் அவர் விடுதலைப் போராட்டத்தில் ஈடுபட்டோருக்கு மறைவாக உதவி புரிந்தார். பின்னர்க் கோலாப்பூர் இராஜாராம் கல்லூரியில் சேர்ந்தார். அக்கல்லூரியின் தலைவர் கர்டீகர் என்பவர். கஷாபா உயர்ந்த உடற்கட்டு உடையவர் அல்லர். ஆயினும், கண் இமைப்பதற்குள் எதிரியின் பிடியிலிருந்து நழுவி, அவனையே மடக்கும் விரைவு அவரிடம் இருந்தது.

1948ஆம் ஆண்டு இலண்டன் மாநகரில் ஒலிம்பிக் பந்தயங்கள் நடைபெற்றன. கோலாப்பூர் மன்னரின் பொருளுதவியால் கஷாபா அங்குச் சென்றார். மண்களத்தில் வளர்ந்த அவருக்கு மெத்தை விரித்த களம் புதிது. பன்னாட்டு விதிகளும் புதியன. எனினும் தம் எடைப்பிரிவில் ஆறாம் இடம் பெற்றார். முதன்முறை சென்றவருக்கு அது சிறிய பேறு அன்று. ஆனால் அவர் மனம் அதனால் நிறைவு பெறவில்லை. அடுத்த நான்கு ஆண்டுகளும் முன்னிலும் கடுமையாக உழைத்தார்.

1952ஆம் ஆண்டு எல்சிங்கி நகரில் நடைபெறவிருந்த பந்தயங்களுக்கு அவர் தேர்வு பெறுவதே அரிதாயிற்று. முதலில் பின்தள்ளப்பட்ட அவர், பாட்டியாலா மன்னரிடம் முறையிட்டு, மறுபோட்டி பெற்று, அதில் வென்றார். தேர்வு முடிந்தது, பயணச் செலவுக்குப் பணம் இல்லை! ஊரார் தம்மால் இயன்றதைக் கொடுத்தனர். உழவர்களும் சிறு கடைக்காரர்களும் அளித்த பொருள் சிறுகச் சிறுகச் சேர்ந்தது, அதுவும் போதவில்லை. அந்நிலையில் கர்டீகர் தாம் குடியிருந்த வீட்டை அடகு வைத்து 7,000 ரூபாய் பெற்றுத் தம் பழைய மாணவரிடம் கொடுத்தார். மாணவர் வென்று திரும்புவார் என்பதற்கு உறுதி ஏது? அந்நாளில் அத்தொகை ஒரு குடும்பத்தின் வாழ்வையே நிலைநிறுத்தவோ குலைக்கவோ வல்லது.

எல்சிங்கியில் கஷாபா கனடா, மெக்சிகோ, செர்மனி ஆகிய நாடுகளின் மல்லர்களை வென்றார். சப்பானியரான ஈசியிடமும் சோவியத்து நாட்டவரான மம்மதுபேயோவிடமும் தோற்றார். நெடுநேரம் போரிட்டுக் களைத்திருந்த அவர், உரிய ஓய்வின்றி அடுத்த போருக்கு அழைக்கப்பட்டார் என்றும், அவர் பொருட்டு வாதாட இந்திய அதிகாரி எவரும் அருகில் இல்லை என்றும் கூறுவர். வெண்கலப் பதக்கம் அவருக்குக் கிடைத்தது. விடுதலை பெற்ற இந்தியாவுக்குத் தனியொருவர் ஈட்டித் தந்த முதல் ஒலிம்பிக் பதக்கம் அதுவே. அவ்வாண்டு நம் வளைகோற் பந்தாட்டக் குழு பொற்பதக்கம் பெற்றமையால், நாட்டின் கண்கள் அக்குழுவின் மீதே பதிந்திருந்தன.

கோளேஸ்வர் மக்களின் கண்களோ வேறெங்கும் செல்லவில்லை. கஷாபா திரும்பி வரும் செய்தி பரவியதும், சுற்றுப்புற ஊர்களிலிருந்தெல்லாம் மக்கள் திரண்டனர். நூற்றுக்கு மேற்பட்ட மாட்டு வண்டிகள் அணிசெய்யப்பெற்று வரிசையாக நின்றன. கொட்டும் முழக்கும் வாணவேடிக்கையும் ஊரை அதிரச் செய்தன. வண்டிகளின் ஊர்வலம் மகாதேவர் கோயிலை நோக்கிப் புறப்பட்டது. கால் மணி நேரத்தில் கடக்கக்கூடிய அவ்வழியைக் கடக்க அன்று ஏழு மணி நேரம் ஆயிற்றாம்! சிறிது தொலைவு செல்வதற்குள் கூட்டம் வண்டிகளை மறிக்கும். அவரைக் கண்ட பின்னரே வழிவிடும். அக்கூட்டத்தில் நின்றோருள் பலர் அவருடைய பயணத்திற்குப் பொருள் கொடுத்தவர்கள். அப்பதக்கத்தில் தமக்கும் ஒரு பங்கு உண்டு என்று அவர்கள் எண்ணியிருந்தால் அதில் வியப்பில்லை.

மாலைகள் வாடின, கூட்டம் கலைந்தது. கர்டீகரின் வீடோ இன்னும் அடகிலேயே இருந்தது. கஷாபா அதனை மறந்தாரில்லை. கோலாப்பூரில் மற்போர்ப் பந்தயங்களுக்கு ஏற்பாடு செய்தார். ஒலிம்பிக் பதக்கம் பெற்றவர் என்ற பெருமையைப் பாராது, தாமே மீண்டும் கோதாவில் இறங்கிப் பொருதார். அங்குச் சேர்ந்த பணத்தைக் கொண்டு, தம்மை அனுப்பிவைத்த ஆசிரியரின் வீட்டை மீட்டுக் கொடுத்தார்.

1955ஆம் ஆண்டு அவர் காவல்துறையில் துணை ஆய்வாளராகச் சேர்ந்தார். நெடுங்காலம் பணியாற்றி, உதவி ஆணையராக ஓய்வு பெற்றார். 1982ஆம் ஆண்டு தில்லி ஆசிய விளையாட்டுகளின்போது சுடர் ஏந்திச் சென்றவருள் அவரும் ஒருவர். 1984ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 14ஆம் நாள் சாலை விபத்தில் உயிர் நீத்தார். அவருக்குப் பின், ஒலிம்பிக்கில் இந்தியர் ஒருவர் தனியாகப் பதக்கம் பெற 44 ஆண்டுகள் ஆயின. 1996ஆம் ஆண்டு டென்னிசு வீரர் லியாண்டர் பயசு வெண்கலம் வென்றார். கஷாபாவுக்கு அர்ச்சுனா விருது வழங்கப்பெற்றபோது அவர் மறைந்து பதினாறு ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தன. 2010ஆம் ஆண்டு தில்லி இந்திராகாந்தி விளையாட்டரங்கைச் சார்ந்த மற்போர் அரங்கிற்கு அவர் பெயர் சூட்டப்பெற்றது.